இரண்டேகால் மணி நேரம்

ருமேனியாவின் சுச்சாவா நகர்க் கல்லறைத் தோட்டத்தில் மதிய வெயில் பனிமேல் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. குழியோரம் திறந்திருக்கும் பெட்டிக்குள், அம்மாவின் நெற்றியில் மரக்கிளையிலிருந்து உதிர்ந்த பனி கரையாமல் கிடக்கிறது. எல்லோரும் குனிந்து கடைசி முத்தம் கொடுத்தாயிற்று. மகள் மிரேலா மட்டும் பாக்கி. ஆணி இறங்கிவிட்டால் யாருக்காகவும் மூடியைத் திறப்பதில்லை. மகன் டோரினின் போன் அலறுகிறது. எல்லோருக்கும் கேட்கும்படி அதை நீட்டிப் பிடிக்கிறான். "அண்ணே, பிளைட் இறங்கிடுச்சு. டாக்ஸில வர்றேன், இருபதே நிமிஷம். மூடிடாதண்ணே!" பாதிரியார் அவன் தோளைத் தொடுகிறார். "இருபது நிமிஷம்தானேப்பா, நிக்கலாம்." டோரின் சிரிக்கிறான். "மிலான்லேர்ந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர், ரெண்டேகால் மணி நேரம். கூப்பிட்டா சூப்பு ஆறுறதுக்குள்ள வந்துருவேன்னு அம்மாகிட்ட வாராவாரம் சொல்லுவா, சாமி. பதினோரு வருஷமா ஆறிக்கிட்டிருக்கு." போனுக்குள் மிரேலா தேம்புகிறாள். "நான் சம்பளத்துக்குப் பாத்துக்கிற பாட்டிய விட்டுட்டு வர முடியலண்ணே..." "தெரியும்டி. அடுத்தவ அம்மாவக் குளிப்பாட்டவே உனக்கு நேரம் சரியா இருந்துச்சு." மூடியைப் பெட்டிமேல் பொருத்திவிட்டு, போனை அணைக்காமல் அதன்மேல் வைக்கிறான். "அடிங்கப்பா." வெட்டியான் சுத்தியலை ஓங்குகிறான். முதல் ஆணி இறங்கும்போதே போனுக்குள் அழுகை நின்றுபோகிறது. நான்காவது ஆணி வரை டோரின் அதை எடுக்கவில்லை.