தலையணை அப்பா

“முயலே இல்லாம ஒரு குழந்தைக் கதையா?” என்றார் பட்டாபிராமன், பாகர்வடியைக் கடித்தபடி. “அரே, ஒரு அணிலாவது வேண்டாமா?”

விமான் நகரில் லலிதா வீட்டு ஹாலில் சனிக்கிழமைதோறும் கூடும் படக்கதைக் குழு அது. வருகிற ஏழெட்டுப் பேரும் குழந்தைகளுக்காகத்தான் எழுதுகிறார்கள். இதுவரை எந்தக் குழந்தையும் படித்ததில்லை.

கதையைப் பெயர் போடாமல் லலிதாவுக்கு அனுப்ப வேண்டும். அவள் அதைச் சென்னையில் ஓர் எடிட்டருக்கு அனுப்பிக் கருத்து வாங்கி வைப்பாள். பிறகு குழுவில் வாசிப்பாள், மற்றவர்கள் குதறுவார்கள். எழுதியவர், யாரோ எழுதியது போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணப்ரியா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

கதையில் ஒரு சிறுமி. ஆபீஸிலிருந்து அப்பா வருவதற்குள் தினமும் தூங்கிவிடுகிறவள். அதனால் ஒரு தலையணைக்குப் பனியன் மாட்டி, மீசை வரைந்து, எதிரே உட்கார வைத்துக்கொள்கிறாள். ஸ்கூலில் நடந்ததையெல்லாம் அதனிடம்தான் சொல்கிறாள். எப்போது வருவாய் என்று கேட்பதும் அதனிடம்தான். கடைசிப் பக்கத்தில் அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போகிறாள். அவ்வளவுதான்.

“‘சோகமாகப் பார்த்தாள்’ எதுக்கு?” என்றாள் காவ்யா. “படம் போடறவங்க அதைப் பார்த்துப்பாங்க. வெட்டிடணும்.”

“எடிட்டர் கிரிஜா மேடம் என்ன சொல்லியிருக்காங்க கேளுங்க” என்று லலிதா போனை எடுத்து வாசித்தாள். “‘படித்து முடித்ததும் எழுந்து போய் என் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் அப்பா வந்தே ஆக வேண்டும். வந்தால், புத்தகமாகப் போடலாம்.’”

‘புத்தகம்’ என்ற சொல் அங்கே கெட்ட வார்த்தை போல. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்பாவை வரவழைக்கத்தான் கிருஷ்ணப்ரியாவும் வாரக்கணக்கில் முயன்றாள். ‘கதவு திறந்தது’ என்று எழுதுவாள். வாசலில் கூரியர்காரர்தான் நிற்பார். அந்த வரியை அடித்துவிடுவாள்.

ஆனால் எடிட்டர் சொன்னது அவள் காதில் பாதிதான் விழுந்தது. மனோஜ் என்ன சொல்வான்?

இந்தக் குழுவில் அவள் சேர்ந்ததே மனோஜ் இங்கே வருகிறான் என்பதற்காகத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வாரம் முழுக்க ஹிஞ்சேவாடி ஐ.டி. ஆபீஸில் மீட்டிங்கும் போனுமாகத் திரிகிறவன், இங்கே மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். யார் பேசினாலும் முகம் பார்த்துக் கேட்பான். முயலைப் பற்றிக்கூட அப்படித்தான் கேட்பான். அந்தக் கவனம் ஒரே ஒருமுறை தன் மேல் விழ வேண்டும். தன் வரி ஒன்றிலாவது அவன் நிற்க வேண்டும்.

நின்றான்.

“இதுல ஒரு பெரிய பக் இருக்கு, லாஜிக்ல ஓட்டை” என்றான் மனோஜ். “அந்த அப்பா கேரக்டர். ஒரே வீட்டுல இருக்கான். பொண்ணு தலையணைகிட்ட பேசிட்டிருக்கறது ஒருநாள்கூட அவன் கண்ணுல படாதா? நம்பும்படியா இல்லையே. எந்த மனுஷன் அப்படி இருப்பான்?”

“வேலை இருக்கும்ல?” என்றாள் கிருஷ்ணப்ரியா.

“வேலை யாருக்குத்தான் இல்ல? அந்தக் குழந்தைய நினைச்சா எனக்கே தொண்டைய அடைக்குது.” நிஜமாகவே தண்ணீர் குடித்தான். “அந்த ஆள் மட்டும் கையில கிடைச்சான்னா, நறுக்குன்னு நாலு கேள்வி கேப்பேன்.”

“கேளுங்க!”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்ல... கேக்க வேண்டியதுதான்னு சொன்னேன்” என்று அவள் பாகர்வடித் தட்டைக் காவ்யா பக்கம் நகர்த்தினாள்.

“அவனைத் தூக்கிட்டு ஒரு முயலைப் போட்டா பிரச்சினையே இல்ல” என்றார் பட்டாபிராமன்.

லலிதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “சரி, கடைசியில அப்பா வரணும்ங்கறவங்க கை தூக்குங்க.”

முதலில் தூக்கியது மனோஜ். எல்லோரையும்விட உயரமாகத் தூக்கியது கிருஷ்ணப்ரியா.

கூட்டம் கலைந்தது. கீழே, மனோஜ் பைக்கைக் கிளப்பினான். கிருஷ்ணப்ரியா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“அதை எழுதினது யாரோ, வீட்டுல குழந்தையே இல்லாத ஆளாத்தான் இருக்கணும் ப்ரியா” என்றான் அவன், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. “நம்ம பொண்ணைப் பாரு, எப்ப வருவேன்னு என்னை ஒரு நாளாவது கேட்டிருக்காளா?”