கரைக்கு வந்த கப்பல்

“அந்த ராக் குழு உருப்படியாப் போட்டது முதல் ஆல்பம் மட்டும்தான் மாப்ளே. ரெண்டாவதுல ஒரே கப்பல் கதையைப் பாட்டுப் பாட்டா இழுத்தாங்களே, சுத்த அழுமூஞ்சி!” என்றார் மச்சான், தங்கையின் கணவரிடம்.

“வாயைக் கழுவுங்க மச்சான்! புயல்ல சிக்கின கப்பல் கடைசியில துறைமுகத்துக்கு வந்து, ஊரே கையசைக்குமே, அதுவா அழுமூஞ்சி?”

“கையசைச்சு வழியனுப்பறது ஆரம்பம் மாப்ளே. புயலோட கதை முடிஞ்சிடும். கப்பல் திரும்பவே இல்ல.”

இளமையிலிருந்தே இந்த ஆல்பத்துக்காக இருவருக்கும் சண்டைதான். ஆனால் முடிவைப் பற்றிப் பேசியது இன்றுதான்.

கணவர் அலமாரியைக் குடைந்து பழைய கேசட்டை எடுத்துவந்தார். “இதுல வருதே! கல்யாணத்துக்கு முன்னாடி உங்க தங்கச்சி, உங்க இசைத்தட்டுலேர்ந்து பதிஞ்சு குடுத்தது.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“தட்டோட ரெண்டாம் பக்கத்தை முதல்ல பதிஞ்சேன். புயல் முன்னாடி, கையசைக்கறது கடைசியில.”

“தெரியாமலா?” என்றார் கணவர்.

“தெரிஞ்சேதான். அப்ப உங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தார். நீங்க அவர் கட்டில் பக்கத்துல உக்காந்து கேப்பீங்கன்னு தெரியும். திரும்பாத கப்பலை எப்படிங்க குடுக்கறது?”

கணவர் கேசட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மச்சான் டேப் ரெக்கார்டரை முன்னால் இழுத்து வைத்தார்.

“அதைப் போடுங்க மாப்ளே. எனக்கும் ஒரு தடவை அந்தக் கப்பல் கரைக்கு வரட்டும்.”