இரட்டைப் பட்டம்

"படம் வரையறதுக்கு ஒரு பட்டம், புதுசா யோசிக்கிறதுக்கு இன்னொரு பட்டமா? ரெண்டையும் ஒண்ணாச் சேத்துப் படிச்சா கிறுக்குதான் புடிக்கும்," என்றார் சுடலைமணி.

மகள் செல்வலட்சுமிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விடுமுறைக்கு வண்டிப்பெரியார் வந்து இறங்கியதிலிருந்து இதே பாட்டுத்தான். அனிமேஷனும் இன்னோவேஷனும் சேர்ந்த இரட்டைப் பட்டப்படிப்பு என்று அவளும் செவிடன் காதில் சங்கு ஊதிப் பார்த்துவிட்டாள். நர்சிங்கில் சேர், இல்லாவிட்டால் வீட்டோடு கிட என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"காலேஜ்ல நானே செஞ்சதுப்பா. இதயாவது பாருங்க," என்று ஒரு வீடியோவை அவர் போனுக்கு அனுப்பினாள். மனுஷன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேயிலை பேக்டரிக்குக் கிளம்பிவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் எஸ்டேட்டே அல்லோலகல்லோலப்பட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போகும் இருட்டுப் பாதையில் புலி நடமாட்டமாம். கொழுந்து பறிக்க ஒருத்தரும் போகவில்லை. ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடியது. தொழிற்சங்கத் தலைவர் என்பதால் சுடலைமணியின் குரல்தான் அதில் ஓங்கி நின்றது. வருஷக்கணக்காக விளக்குக் கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாத மேனேஜர் துரை, சாயங்காலத்துக்குள் பாதை நெடுக விளக்குப் போட்டுக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு அக்கா தன் போனுக்கு வந்த வீடியோவில் அந்தப் புலியைக் காட்டியபோதுதான் செல்வலட்சுமிக்கு விஷயம் புரிந்தது. அது அவள் கம்ப்யூட்டரில் செய்து, லயத்துப் பாதையில் நடக்கவிட்ட புலி. போனைச் சரியாகக் கையாளத் தெரியாத அப்பா எங்கேயோ கைதவறி அனுப்பித் தொலைத்திருக்கிறார். உண்மை வெளியே வந்தால் அவள் படிப்புக்கு அன்றோடு முழுக்குத்தான். மறைத்தாலோ, ஊர் ஜனம் பயந்து சாகும்.

அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"அது நெசப் புலி இல்லப்பா. நான் உங்களுக்கு அனுப்புன வீடியோ."

சுடலைமணி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசு, ஏட்டி. அத தொரைக்கு அனுப்புனதே நான்தான்," என்றார். "நீ காலேஜுக்குக் கெளம்பு. ஆஸ்பத்திரி ரோடு குண்டும் குழியுமாக் கெடக்கு. போறதுக்கு முன்னாடி, அதுல ஒரு யானைய மட்டும் நடக்க விட்டுட்டுப் போ."