பெயர் வந்த இடம்

செலின் அந்தப் பாட்டை முதலில் பாடியது பனிமுத்து சோப்பு விளம்பரத்துக்கு. பிறகு அதையே காதல் பாட்டாக்கியபோது, சோப்பின் பெயர் வந்த இடத்தில் வெறும் தாளத்தை விட்டுவிட்டார்கள். மேடையில் அந்த இடம் வந்ததும் அவள் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாள். ஆளாளுக்குத் தங்கள் மனசில் இருப்பவரின் பெயரைக் கத்துவார்கள். செலின் மட்டும் உள்ளுக்குள் சோப்பின் பெயரையே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு வேறு பெயர் வாய்க்கவில்லை. அன்று முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, "பனிமுத்து!" என்று கத்தினார். "யாருங்க, உங்க வீட்டம்மாவா?" என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள். "சோப்பும்மா. கம்பெனி மூடுற வரைக்கும் நான்தான் அதுக்கு உறை போட்டேன்." நீட்டியிருந்த மைக் அதையும் அரங்கம் முழுக்கச் சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி அந்த இடம் வந்தபோது, செலின் மைக்கைத் தன் வாயருகிலேயே வைத்துக்கொண்டு, "பனிமுத்து" என்று பாடினாள்.