ஒரு முழம் தள்ளி

மாப்பிள்ளை மறுபடியும் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் இந்த முறையும் அவரைக் காப்பாற்றவில்லை.

மாப்பிள்ளை என்பது பழைய மழைக்கோட்டுக்குள் காலி கேன்களைத் திணித்துச் செய்த பொம்மை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் தன் பின்னால் அலையவிடுவதால் பாய்மரப் படகு கிளப்பில் அதற்கு அந்தப் பெயர். தண்ணீரில் விழுந்தவரை மோட்டார் படகில் போய்த் தூக்கும் பயிற்சிக்கு அதுதான் ஆள்.

"விட்டுட்டீங்க டாக்டர்," என்றார் கூடவே படகில் இருந்த பயிற்சியாளர் கோச்சம்மா. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

டாக்டர் தலையைச் சொறிந்தார். மற்றதெல்லாம் அவர் ஒழுங்காகத்தான் செய்வார். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிடும் சிவப்புக் கயிற்றை ஏறியவுடன் காலில் மாட்டிக்கொள்வார். காற்றுக்கு எதிராகத் திரும்பி, வேகத்தையும் குறைத்துவிடுவார். கடைசியில் மட்டும் மாப்பிள்ளை கைக்கு ஒரு முழம் தள்ளிப் போய்விடுவார். எப்போதும் அதே ஒரு முழம், எப்போதும் வலது பக்கம்.

கடைவாய்ப் பல்லில் மயிரிழை பிசகாமல் துளை போடும் கைக்கு ஒரு பொம்மையைப் பிடிக்க வரவில்லையே என்று கூடக் கற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் எல்லோரும் பாஸாகி, படகுத்துறையில் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து வந்த கூட்டமும் அப்படியே போனது. டாக்டர் மட்டும் ஞாயிறுதோறும் எல்லோருக்கும் முன்னால் வந்து துறையில் நின்றார்.

மற்ற நாட்களில் அவர் வாய் ஓயாமல் பேசுகிறவர்தான். ஆனால் எதிரே இருப்பவர் வாயைப் பிளந்தபடி படுத்திருப்பார், பதில் வராது. வீட்டில் அதற்கும் ஆள் இல்லை. மனைவி இறந்த பிறகு சமையல் மேடை ஓரமாக நின்றபடியே சாப்பிடப் பழகியிருந்தார். மகள் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிடும்.

கோச்சம்மா பொம்மையை இழுத்துப் படகுக்குள் போட்டார். இன்றைக்குப் பரீட்சை, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார். காற்று ஏறியிருந்ததால் மற்ற படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

அந்தம்மா போனையும் கைக்கடிகாரத்தையும் நீர் புகாத டப்பாவில் போட்டு அழுத்தி மூடினார். பிறகு மாப்பிள்ளையைத் தூக்க எழுந்தார். டாக்டர் கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு முன்னால் பார்த்தபடி காத்திருந்தார்.

தொப்பென்று தண்ணீர் தெறித்தது. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை படகிலேயே கிடந்தார். கோச்சம்மாவைக் காணோம்.

அதற்குள் காற்று படகைக் கொஞ்ச தூரம் தள்ளியிருந்தது. பின்னால் லைஃப் ஜாக்கெட் தெரிந்தது, அதில் அசைவே இல்லை.

டாக்டர் படகை வளைத்துக் காற்றுக்கு எதிராகக் கொண்டுவந்தார். நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, கிட்டே வந்ததும் இன்ஜினை அணைத்தார். கோச்சம்மா சரியாக அவர் கைக்கு நேராக வந்தார், ஒரு விரல்கூடத் தள்ளவில்லை. ஜாக்கெட்டின் இரு தோள்பட்டையையும் பற்றி, ஒரு முறை கீழே அமுக்கி, அந்த விசையிலேயே அந்தம்மாவைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

கோச்சம்மா இருமி ஓய்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கைவரிசை இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று கேட்டார்.

டாக்டருக்குப் பொய் வாயில் வரவில்லை. "எனக்கு முதல் மாசமே வந்துடுச்சு மேடம். பாஸாயிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?"

சொன்ன பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வயதில் ஒரு மனுஷன் பேச்சுத்துணைக்காகப் பொம்மையைத் தவறவிட்டான் என்றால் கிளப்பே சிரிக்கும். கோச்சம்மா சிரிக்கவில்லை, பரீட்சையில் பாஸ் என்று மட்டும் சொன்னார். இனி ஞாயிறும் மற்ற நாள் மாதிரிதான் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

கோச்சம்மா ஈரக் கூந்தலைப் பிழிந்தபடி பேச ஆரம்பித்தார். ஞாயிறு மதியம் பந்தயம் நடக்கும்போது கடைசிப் படகு கரையேறும்வரை மீட்புப் படகு காவல் நிற்க வேண்டும். அதில் இரண்டு பேர் இருக்க வேண்டும், இருவருமே பாஸானவர்களாக இருக்க வேண்டும். பாஸானவர்களோ படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான், கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அதனால் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மதியம் முழுக்கத் தன்னந்தனியாகச் சுற்றுகிறாராம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் மாதிரி தெரியுமாம்.

டாக்டர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

"பாஸாகாதவர எப்படிக் கூப்பிடறது? நீங்களும் பாஸாவேனா பாருன்னு இருந்தீங்க." கோச்சம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் குதிச்சேன்."