கெட்டிமேளத்திற்கு ஓர் ஆள்

திருமண மண்டபத்தில் ஐந்நூறு பேர் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி, அவரவர் விரும்பிய இசையை வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவரின் பேச்சுகூட உள்ளே நுழையாது. இதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

"கெட்டிமேளத்தையும் இதுவே வாசிச்சுடும், சம்பந்தி" என்று ஒரு மாதத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, பெண்ணின் தந்தை வைத்திலிங்கம் மறுத்துவிட்டார்.

"தாலி கட்டுறப்ப ஆள்தான் அடிக்கணும். மெஷின் அடிச்சா அது கல்யாணமா?"

நான்கு பேரை வரவழைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தவில்காரர் சிங்காரவேலுவைத் தேர்ந்தெடுத்தார்.

மேடையருகே காதில் கருவி அணியாதவர் சிங்காரவேலு ஒருவரே. ஆகையால், மணப்பெண் மகிழினி தன் கருவியைக் கழற்றிவிட்டு, இதுவரை சொல்லத் துணியாததைச் சொன்னபோது, அது அவருக்கு மட்டுமே கேட்டது.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா."

மூன்று முறை சொன்னாள். அருகில் நின்ற தந்தையோ, மகள் ஆசி கேட்கிறாள் என்றெண்ணி, தம் பாட்டுக்குத் தலையசைத்தபடியே புன்னகைத்தார்.

புரோகிதர் விரலை உயர்த்தினார். உடனே ஐந்நூறு காதுகளிலும் பாட்டு நின்றது. தவிலின் முன்னிருந்த மைக் அத்தனை கருவிகளோடும் இணைந்தது. அட்சதையோடு அனைவரும் காத்திருந்தனர். தவில் ஒலிக்கவில்லை.

"அடிங்கண்ணே! முகூர்த்தம் போகுது!" என்று வைத்திலிங்கம் பதறினார்.

சிங்காரவேலு தவிலை மடியிலிருந்து இறக்கி வைத்தார். மைக்கை எடுத்து மகிழினியிடம் நீட்டினார்.

"இப்பச் சொல்லு தாயி. எல்லாருக்கும் கேக்கும்."