அபராத அடி

"திங்கக்கிழமை விசாரணையில ஒரே ஒரு வரி சொன்னா போதும். அலாரம் அடிச்சது, ஜெரிதான் கவனிக்கல. அவ்வளவுதான்."

வீடு தேடி வந்திருந்த ஆலையின் பணியாளர் அதிகாரி சிவந்தி, தட்டச்சு செய்த தாளைச் செங்கொடியிடம் நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண் மட்டும் டிவியிலேயே இருந்தது.

டிவியில் ஸ்காட்லாந்தின் கடலோரப் புல்வெளி. பெண்கள் கோல்ஃபில் உலகின் பெரிய போட்டிகளில் ஒன்று, இரண்டாம் நாள் ஆட்டம். ஆடுகிறவர்களில் ஒருத்தி எண்ணூர்க்காரி. செங்கொடியின் மகள் மதி.

செங்கொடி முதலில் ஆலைக் குடியிருப்பின் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டப் போனவள். பள்ளி விட்டு அங்கே வந்து காத்திருக்கும் மதி, யாரோ தூக்கிப்போட்ட மட்டையை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். பன்னிரண்டு வயதில் அதிகாரிகளையே தோற்கடித்தாள். அப்புறம் நிறுவனமே அவளைப் பயிற்சிக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பியது. செங்கொடிக்கும் ஆலைக்குள் அமோனியா பிரிவில் வேலை கிடைத்தது.

போன மாதம் அந்தப் பிரிவில்தான் குழாய் கசிந்து ஜெரி செத்துப்போனான். வால்வை மூட உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. அலாரம் மூன்று நாளாகவே வேலை செய்யவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், அன்று அவனோடு ஷிஃப்டில் இருந்த செங்கொடி. தப்பு ஜெரி மேல் என்று எழுதிவிட்டால், அவன் மனைவி பெனிஷாவுக்கு வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.

வேலையை விட்டுத் தூக்கிவிடுவோம் என்று மிரட்டியபோது செங்கொடி மசியவில்லை. காசிமேட்டில் மீன் விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன் என்றாள். அதற்குப் பிறகுதான் சிவந்தி மகள் பேச்சை எடுத்தார். இந்தப் போட்டியில் மதி மூன்றாம் நாளுக்குத் தேறினால், இன்னும் மூன்று வருடத்துக்கு அவள் செலவு நிறுவனத்துடையது. தேறாவிட்டால் ஒப்பந்தம் இதோடு முடிந்தது. தேறினாலும், அம்மா விசாரணையில் என்ன சொல்கிறாள் என்று பார்த்துத்தான் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்.

புதன்கிழமை செங்கொடி சரி என்று சொல்லிவிட்டாள். மகளிடம் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து பெனிஷாவின் தெரு வழியாகப் போவதை விட்டு, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

"கடைசிக் குழி, அக்கா. நாலு அடில முடிச்சா தேறிடுவா" என்றான் தம்பி பீம்ராவ்.

மதியின் இரண்டாவது அடியில் பந்து குழிக்குக் கொஞ்சம் தள்ளி, உயரமான புல்லுக்குள் விழுந்தது. ஆனாலும் கிட்டத்தில்தான் இருந்தது. இன்னும் இரண்டு அடி அவளுக்குப் போதும். நாற்காலி நுனிக்கு வந்துவிட்ட சிவந்தி, பயப்படாதீங்க என்று செங்கொடிக்குத் தைரியம் சொன்னார்.

மதி மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாள். பிறகு பின்வாங்கி, கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் புல்லை விலக்கிப் பார்த்தார், ஏதோ கேட்டார், மறுபடியும் கேட்டார். மதி இரண்டு முறையும் தலையாட்டினாள்.

"இன்னாடா சொல்றா அவ?"

பீம்ராவ் வர்ணனையைக் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். மட்டை பட்டுப் பந்து நகர்ந்துவிட்டதாம். அதற்கு ஓர் அபராத அடி. கேமராவில் ஒன்றும் தெரியவில்லை, கூட ஆடுகிறவர்களும் பார்க்கவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் ஆடுகிறவர் தன்மேல் தானே குற்றம் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இப்படி ஒரு நேர்மையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று வர்ணனையாளர்கள் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த அடியில் பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கடுத்த அடியில் உள்ளே விழுந்தது. அபராதத்தோடு ஐந்து. ஒரே ஓர் அடியில் மதி போட்டியை விட்டு வெளியேறினாள்.

சிவந்தி எழுந்து செருப்பை மாட்டினார். திங்கட்கிழமையை மறக்க வேண்டாம் என்று சொன்னார். முன்பிருந்த அழுத்தம் குரலில் இல்லை. செங்கொடி அவரைப் பார்க்கக்கூட இல்லை. பதினைந்து வருடப் பாடு ஒரு புல்லுக்குள் போய்விட்டது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

ஒரு மணி நேரம் கழித்து மதி கூப்பிட்டாள். செங்கொடியால் ஆத்திரத்தை அடக்க முடியவில்லை.

"ஒருத்தரும் பாக்காதத நீயா ஏன்டி போய்ச் சொன்ன? இனிமே உன்ன யாரு அனுப்புவா?"

மதி நிதானமாகப் பேசினாள். முந்தின நாள் பெனிஷா வாழ்த்துச் சொல்லப் போன் செய்திருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, உங்கம்மா ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்றாங்க என்று கேட்டிருக்கிறாள். மதி மாமாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டாள். செங்கொடி திரும்பிப் பார்த்தாள். பீம்ராவ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் வூட்டுக்கு வந்துர்றேன்மா. இனிமே என்ன வெச்சி உன்ன மெரட்ட முடியாது. திங்கக்கெழம நடந்தத நடந்தபடி சொல்லு."

மடியிலிருந்த தாள் கீழே விழுந்ததைக்கூடச் செங்கொடி கவனிக்கவில்லை.

"அதுக்காவ, பந்து நவுந்தது நல்லதா பூட்ச்சின்றியா?"

"பந்து நவுரவே இல்லம்மா" என்றாள் மதி.